டூயல் பூட் லேப்டாப்: வாங்கும்போதே பாதி முடிவாகிடுது, ஒரு முழு கேஸ்

டூயல் பூட், அதாவது ஒரே லேப்டாப்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டயும் வச்சு மாத்தி மாத்தி ஆன் பண்றதுன்னு ஆரம்பிச்சாலே எல்லாரும் இன்ஸ்டால் பண்றத பத்தி தான் பேசுறாங்க, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), பென்டிரைவ் எப்படி ரெடி பண்றது, எத்தன ஜிபி ஒதுக்கணும்ன்னு. அந்த பார்ட் உண்மையில அரை மணி நேர வேலை, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்ன்னு போயிடும். கஷ்டம் வர்ற எடம் ரெண்டே ரெண்டு, ஒண்ணு எந்த மெஷின வாங்குறோம்ங்கறது, இன்னொண்ணு விண்டோஸ எந்த நெலமையில வச்சிட்டு பக்கத்துல லினக்ஸ உள்ள விடுறோம்ங்கறது. கீழ இருக்க கேஸ்ல இது ரெண்டும் நல்லாவே தெரியும்.

ஆளு என் சித்தி பையன், மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறான். டிசைனுக்கு சாலிட்வொர்க்ஸ் வேணும், அது விண்டோஸ்ல மட்டும் தான் ஓடும், லினக்ஸ்ல வைன் அது இதுன்னு ட்ரை பண்றதெல்லாம் நேர விரயம். ரோபோ சைடுக்கு ராஸ் 2 ஜாஸி (ரோபோவுக்கு ப்ரோக்ராம் எழுதுற சாஃப்ட்வேர் தொகுப்பு), கூடவே கெஸீபோ சிமுலேஷன். ஜாஸி 2024 மே மாசம் வந்த வெர்ஷன், அதுக்கு உபுண்டுங்கற லினக்ஸோட 24.04 தான் முக்கிய ப்ளாட்ஃபார்ம். ராஸ் விண்டோஸ்லயும் ஓடும்ன்னு போட்டிருப்பாங்க, ஓடும் தான், ஆனா மத்தவங்க எழுதின பேக்கேஜ ஒவ்வொண்ணா இழுத்து போடும்போது தான் உபுண்டு எவ்வளவு சுகம்ன்னு புரியும்.

மொதல்ல நான் கேட்டது டூயல் பூட் நெஜமாவே தேவையான்னு தான். பாதி பேருக்கு தேவையே இல்ல, டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸ் உள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போதும். "அண்ணா அத தான் இப்ப யூஸ் பண்றேன், சிமுலேஷன் ஓடுது, ஆனா நெஜ ரோபோவ லேப்டாப் கண்டுபிடிக்கவே மாட்டேங்குது"ன்னான். சரியான காரணம் தான். ராஸ் 2ல நோடுங்க (தனித்தனியா ஓடுற ப்ரோக்ராமுங்க) ஒண்ண ஒண்ணு கண்டுபிடிக்கறது டிடிஎஸ்ன்னு ஒரு லேயர் வழியா, அது நெட்வொர்க்ல பல மெஷினுக்கு ஒரே நேரத்துல போற மல்டிகாஸ்ட் அனுப்பி தேடும், டபிள்யூஎஸ்எல் 2 டீஃபால்ட்டா நேட் (NAT), அதாவது தனி உள் நெட்வொர்க் பின்னாடி உக்காந்திருக்கறதால அந்த பாக்கெட் வெளிய போறதும் இல்ல உள்ள வர்றதும் இல்ல. விண்டோஸ் 11ல மிரர்டு நெட்வொர்க்கிங்ன்னு ஒரு மோடு இருக்கு, கொஞ்சம் உதவும். ஆனா யூஎஸ்பில மாட்டுற லைடார் (லேசர்ல தூரம் அளக்கற சென்சார்), மோட்டார் கன்ட்ரோலர் எல்லாத்தையும் யூஎஸ்பிஐபிங்கற டூல் வழியா ஒவ்வொரு தடவையும் அட்டாச் பண்ணனும், கேபிள் கழண்டு மாட்டுனா திரும்ப முதல்ல இருந்து. விர்ச்சுவல் மெஷின்ல கெஸீபோவோட 3டி ஸ்லைட் ஷோ மாதிரி நகரும். ஆக டூயல் பூட் நியாயமான முடிவு தான்.

மெஷின் தேர்வு

அவன் நாலு லேப்டாப் லிஸ்ட் பண்ணி அனுப்பினான், ப்ராசசர், ரேம், ஸ்க்ரீன் மட்டும் கம்பேர் பண்ணி. டூயல் பூட்டுக்கு பாக்க வேண்டியது வேற லிஸ்ட்.

மொத மெஷின் ஸ்னாப்டிராகன் போட்டது, பேட்டரி அட்டகாசம், ரெண்டு நிமிஷத்துல கழிச்சாச்சு. ஆர்ம் சிப், சாலிட்வொர்க்ஸ் எக்ஸ்86க்கு (இன்டெல், ஏஎம்டி வகை சிப்) எழுதினது, லினக்ஸ் சப்போர்ட் இந்த சிப்புங்களுக்கு மாடலுக்கு மாடல் அரைகுறையா தான் இருக்கு. யாராவது கேப்பீங்க, ஆப்பிள் சிலிக்கான் மேக்லயும் இதே கதை தான், மேக்ல விண்டோஸ் போட வைக்கற பூட் கேம்ப் அதுல கெடையாது, அசாஹி லினக்ஸ் எம்1, எம்2 மெஷின்ல நல்லா ஓடுது ஆனா விண்டோஸ் நேரடியா பூட் ஆகாது.

ரெண்டாவது ஒரு மெல்லிசான இன்டெல் மெஷின், பாக்க அழகு. அதோட ப்ராப்ளமெல்லாம் ஸ்பெக் ஷீட்ல வராத எடத்துல இருந்துச்சு. கேமரா யூஎஸ்பி கேமரா இல்ல, இன்டெல்லோட ஐபியூ6 வழியா போற மிப்பி கேமரா, 12வது ஜெனரேஷனுக்கு அப்புறம் நெறைய மெல்லிசு மாடல்ல இத தான் போடுறாங்க, லினக்ஸ்ல இத வேலை செய்ய வைக்கறது இன்னிக்கும் தனி போராட்டம். ரேம் போர்டோட சால்டர் பண்ணது, வைஃபை சிப்பும் சால்டர், எஸ்எஸ்டி ஸ்லாட் ஒண்ணு. எதையும் மாத்த முடியாத மெஷின்ல ஏதாவது ஒண்ணுக்கு ட்ரைவர் இல்லன்னா கத அங்கயே முடிஞ்சுது.

மூணாவது ஒரு பிசினஸ் சீரிஸ் லேப்டாப், இது எனக்கு பிடிச்சது. உபுண்டு பண்ற கனானிக்கல் கம்பெனி சர்டிஃபைடு ஹார்டுவேர்ன்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி சீரிஸ் நெறைய அதுல இருக்கும், லினக்ஸ்ல தூக்கம் (ஸ்லீப் மோடு), சவுண்டு, டாக்கிங் ஸ்டேஷன் எல்லாம் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஒரு எச்சரிக்கை, அந்த சர்டிஃபிகேட் குறிப்பிட்ட கான்ஃபிகரேஷனுக்கு குடுக்கறது, அதே மாடல் பேர்ல வேற வைஃபை கார்டு, வேற கேமரா போட்டு விக்கறது சர்வ சாதாரணம். ஆனா இதுல தனி கிராஃபிக்ஸ் இல்ல, சாலிட்வொர்க்ஸ்ல நெறைய பார்ட் சேர்ந்த பெரிய அசெம்ப்ளி தொறந்தா திணறும், எஸ்எஸ்டி ஸ்லாட்டும் ஒண்ணு தான். வெறும் கோடிங் ஆளா இருந்தா கண்ண மூடிட்டு இத வாங்க சொல்லிருப்பேன்.

நாலாவது தான் கடைசில வாங்கினது, ஏஎம்டி ப்ராசசர், என்விடியா கிராஃபிக்ஸ் போட்ட கேமிங் லேப்டாப். வெயிட்டு ஜாஸ்தி, பேட்டரி சுமார், பின்பக்கம் பாத்தா விண்கலம் மாதிரி இருக்கு, அது அவன் பாடு. எடுத்ததுக்கு காரணம், எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டுற எடம்) ரெண்டு, ரேம் கழட்டி மாட்டலாம், வைஃபை கார்டு சாக்கெட்ல உக்காந்திருக்கு. இது எதையும் விளம்பர பக்கத்துல தேடாதீங்க. கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் இருக்கும், கழட்டி மாட்டுற படத்தோட, அதுல ரெண்டாவது ஸ்லாட் இருக்கா, 2280 நீளமா 2242வா, என்விஎம்இயா சாட்டாவான்னு தெளிவா இருக்கும். சில மாடல்ல ரெண்டாவது ஸ்லாட்டுக்கு போர்டுல எடம் மட்டும் இருக்கும், கனெக்டரே சால்டர் பண்ணிருக்க மாட்டாங்க, அதனால வாங்குற அதே வேரியன்ட்டோட மேனுவல பாருங்க.

வைஃபை பத்தி ஒரு வார்த்தை. உள்ள வந்தது மீடியாடெக் கார்டு, இப்ப இருக்க கர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) ஓடுது, ஓடலன்னா இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டிருப்போம், அது ஏஎம்டி மெஷின்லயும் ஓடும். பேர்ல ஒரே ஒரு நம்பர் தான் வித்தியாசம், ஏஎக்ஸ்211 வாங்கிடாதீங்க, அது சிஎன்விஐ டைப், பாதி வேலைய இன்டெல் ப்ராசசர் கிட்ட விட்டுடுற கார்டு, ஏஎம்டில போட்டா மெஷின் அத கண்டுக்கவே கண்டுக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென்டிரைவ்) பூட் பண்ணி பாத்துடணும், எங்களுக்கு அதே மாடல் தெரிஞ்சவங்க கிட்ட இருந்ததால முடிஞ்சுது. வைஃபை, ஸ்பீக்கர், மைக், கேமரா, ஸ்க்ரீன் ப்ரைட்னஸ், டச்பேட், மூடிய மூடி தொறந்தா திரும்ப எந்திரிக்குதான்னு. ஸ்பீக்கர் முக்கியம், புது மெஷின் சிலதுல ஸ்மார்ட் ஆம்ப்ன்னு தனி சிப் இருக்கும், அதுக்கு ஃபர்ம்வேர் இல்லன்னா ஹெட்ஃபோன்ல சவுண்டு வரும், ஸ்பீக்கர்ல கொசு சத்தம் கூட வராது. கைரேகை சென்சார் வேலை செய்யல, அத தெரிஞ்சே தான் வாங்கினான்.

ஏன் ரெண்டு எஸ்எஸ்டி

ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ் போடலாம், கோடி பேர் போட்டிருக்காங்க, ஆனா அதுல ஒவ்வொரு படியும் பேரம் தான். விண்டோஸோட சி டிரைவ சுருக்கணும், 300 ஜிபி காலியா இருந்தாலும் டிஸ்க் மேனேஜ்மென்ட் 40 ஜிபி தான் சுருக்க முடியும்ங்கும், ஏன்னா பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மாதிரி நகர்த்த முடியாத ஃபைல் நடுவுல உக்காந்திருக்கும், அதெல்லாம் தற்காலிகமா ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணி திரும்ப சுருக்கணும். அப்புறம் பூட் ஃபைல் இருக்கற இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் தானா போட்டா பெரும்பாலும் 100 எம்பி தான், ரெண்டு ஓஎஸ்ஸும் அத பங்கு போட்டுக்கணும். உபுண்டு அதுல பெருசா எதுவும் வைக்காது, ஆனா கர்னலயே அந்த பார்ட்டிஷன்ல வைக்கற சில செட்டப்புக்கு 100 எம்பி பத்தவே பத்தாது.

தனி டிஸ்க்ன்னா இந்த பஞ்சாயத்து எதுவும் இல்ல. ரெண்டுக்கும் தனித்தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன், ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பூட் ஆகும், நாளைக்கு லினக்ஸ் வேணாம்ன்னா அந்த டிஸ்க்க கழட்டிட்டா போதும். இன்னொரு லாபம் யாரும் சொல்றதில்ல, முழு டிஸ்க்கயும் குடுக்கறோம்ங்கறதால உபுண்டு இன்ஸ்டாலர்லயே என்கிரிப்ஷன் ஆப்ஷன டிக் பண்ணி லக்ஸ் (லினக்ஸோட டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டுக்கலாம், விண்டோஸ் பக்கத்துல எடம் புடிச்சு போடும்போது அதுக்கு கையால பார்ட்டிஷன் வரைய வேண்டி வரும்.

ஒரே ஒரு கண்ணி. சில இன்ஸ்டாலருங்க நீங்க எந்த டிஸ்க்க சொன்னாலும் பூட்லோடர (ஓஎஸ்ஸ எழுப்புற ப்ரோக்ராம்) கொண்டு போய் மொத டிஸ்க்ல இருக்க விண்டோஸோட இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல வச்சிடும், உபுண்டுவோட பழைய இன்ஸ்டாலர் இதுக்கு ரொம்ப ஃபேமஸ். அதனால லினக்ஸ் போடுற நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் எஸ்எஸ்டிய கழட்டி வெளிய வச்சுட்டோம். பயாஸ்லயே (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) ஸ்லாட்ட ஆஃப் பண்ற வசதி சில மெஷின்ல இருக்கு, இதுல இல்ல. ஸ்க்ரூ கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்டர எடுத்துடுங்க, அவ்வளவு தான்.

விண்டோஸ தயார் பண்றது

இந்த பார்ட்ட தான் எல்லாரும் தாண்டி குதிச்சுட்டு அப்புறம் அழுவுறாங்க.

மொத வேலை பயாஸ் அப்டேட். நெறைய கம்பெனிங்க அத விண்டோஸ்ல ஓடுற ஃபைலா தான் குடுக்கறாங்க, லினக்ஸ் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடறது நல்லது.

அடுத்தது என்கிரிப்ஷன், ரொம்ப முக்கியம். விண்டோஸ் 11 24ஹெச்2ல இருந்து புதுசா செட்டப் பண்ற மெஷின்ல, ஹோம் எடிஷனா இருந்தாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா டிவைஸ் என்கிரிப்ஷன் தானா ஆன் ஆகிடும், நெறைய பேருக்கு அது ஆன்ல இருக்கறதே தெரியாது. அதோட சாவி டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப்ல பூட்டி இருக்கும், செக்யூர் பூட் (கையெழுத்து இருக்க ப்ரோக்ராம மட்டும் பூட் ஆக விடற பாதுகாப்பு) நெலமை மாறினா டிபிஎம் சாவிய குடுக்காது, நீல ஸ்க்ரீன் வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அந்த கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், ஆனா எந்த அக்கவுண்ட்ன்னு ஞாபகம் இருக்கணுமே. "கீய எங்கடா வச்சிருக்க"ன்னு கேட்டதுக்கு "எந்த கீ அண்ணா"ன்னான். அத எடுத்து பேப்பர்ல எழுதி வச்சு, ஃபோன்லயும் சேவ் பண்ண வச்சதுக்கு அப்புறம் தான் ஸ்க்ரூ டிரைவர கையில எடுத்தோம்.

என்கிரிப்ஷன ஆஃப் பண்ணிடலாம்ன்னு நெறைய கைடு சொல்லும். லேப்டாப்ப தூக்கிட்டு அலையுற பையனுக்கு நான் அத சொல்ல மாட்டேன். ஆன்லயே விட்டோம், அதுக்கு பதிலா ஒரு பழக்கம் மாத்திக்கணும். லினக்ஸோட க்ரப்ங்கற பூட் மெனுல இருந்து விண்டோஸ செலக்ட் பண்ணி போனா, பூட் ஆகுற வழியில நடுவுல வேற ஒரு ப்ரோக்ராம் வந்துடுது, டிபிஎம் அத கவனிச்சு சில மெஷின்ல ஒவ்வொரு தடவையும் கீ கேக்கும். மெஷின் ஆன் பண்ணும்போது பூட் மெனு கீய அழுத்தி, சில கம்பெனில எஃப்12, சிலதுல எஃப்9 இல்ல எஸ்கேப், நேரா விண்டோஸ் டிஸ்க்க செலக்ட் பண்ணா இந்த தொல்லையே இல்ல. பாக்க பழங்கால முறையா இருக்கும், ஆனா ரெண்டு ஓஎஸ்ஸும் ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்கு தெரியாத மாதிரி வாழுது.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்துல வந்தது, ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா சாகாம கர்னல மட்டும் ஹைபர்னேட் ஃபைல்ல எழுதி வச்சிட்டு தூங்கும். அந்த நெலமையில லினக்ஸ்ல இருந்து விண்டோஸோட என்டிஎஃப்எஸ் டிஸ்க்ல எழுதினா டேட்டா நாசமாகலாம், அதனால தான் லினக்ஸ் அத ரீட் ஒன்லியா தொறக்கும் இல்லன்னா தொறக்கவே மாட்டேன்னு அடம் புடிக்கும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ல போய் டிக் எடுத்து விட்டாச்சு. எஸ்எஸ்டி மெஷின்ல அது மிச்சப்படுத்துற நொடி எல்லாம் கணக்கே இல்ல.

இன்டெல் மெஷின் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு கூடுதலா இருக்கு, பயாஸ்ல ஸ்டோரேஜ் ரெய்டு இல்ல ஆர்எஸ்டி மோடுல இருந்தா லினக்ஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லன்னு சொல்லலாம். ஏஹெச்சிஐங்கற சாதாரண மோடுக்கு மாத்தணும், ஆனா சும்மா மாத்தினா விண்டோஸ் பூட் ஆகாம நீல ஸ்க்ரீன் அடிக்கும். மொதல்ல விண்டோஸ்ல சேஃப் மோடு பூட் செட் பண்ணிட்டு, ரீஸ்டார்ட்ல பயாஸ் போய் மாத்திட்டு, ஒரு தடவ சேஃப் மோடுல எழும்ப விட்டா விண்டோஸ் புது ட்ரைவர புடிச்சுக்கும், அப்புறம் சேஃப் மோட எடுத்துடலாம்.

இன்ஸ்டாலும் அதுக்கு அப்புறமும்

24.04ன்னு பொதுவா சொன்னாலும் புது மெஷினுக்கு புது பாயின்ட் ரிலீஸ எடுங்க. 2024 ஏப்ரல்ல வந்த மொத ஐஎஸ்ஓல 6.8 கர்னல், 24.04.3ல 6.14, நடுவுல எத்தனையோ வைஃபை, சவுண்டு ட்ரைவர் உள்ள வந்திருக்கு. இன்ஸ்டால் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, டிஸ்க் ஒண்ணு தான் இருக்கு, முழுசா எடுத்துக்கோன்னு சொன்னோம், என்கிரிப்ஷன் டிக், முடிஞ்சுது. விண்டோஸ் எஸ்எஸ்டிய திரும்ப மாட்டினதும் பயாஸ் தானா கண்டுபிடிச்சு லிஸ்ட்ல போட்டுக்கிச்சு, ரெக்கவரி கீ கூட கேக்கல.

செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணல. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்ட ஷிம்ங்கற சின்ன ப்ரோக்ராம் வழியா செக்யூர் பூட் ஆன்லயே எழும்பும். இதுல ஒரு தடவ பெரிய கலாட்டா நடந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட் ஒண்ணு பழைய ஷிம்மையெல்லாம் தடை பண்ணிடுச்சு, டூயல் பூட் மெஷின்ல அப்ளை ஆகாதுன்னு சொல்லியிருந்தும் ஆச்சு, நெறைய பேருக்கு லினக்ஸ் பூட் ஆகல. அதுல மாட்டாம இருக்க வழி ரெண்டு ஓஎஸ்ஸயும் அப்டேட்டா வச்சிருக்கறது தான், மாசக்கணக்கா லினக்ஸ் பக்கமே போகாம இருந்தா தான் ரிஸ்க்.

என்விடியால தான் கொஞ்சம் முட்டிச்சு. உபுண்டு தானே கையெழுத்து போட்டு வச்சிருக்க ட்ரைவர் மாட்யூல போட்டா செக்யூர் பூட்ல பிரச்சனையே இல்ல. தம்பி எங்கயோ படிச்சுட்டு இன்னும் புது வெர்ஷன டிகேஎம்எஸ் வழியா போட்டுட்டான், அது நம்ம மெஷின்லயே கம்பைல் ஆகுறது, அதுக்கு கையெழுத்து சாவிய நாமளே மெஷின்ல பதியணும். ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அடுத்த ரீஸ்டார்ட்ல மோக் மேனேஜ்மென்ட்ன்னு நீல ஸ்க்ரீன் வரும், அதுல என்ரோல் போய் அதே பாஸ்வேர்டு குடுக்கணும். அவன் அத பாத்து வைரஸோன்னு பயந்து கன்டின்யூ பூட் அழுத்திட்டான். "அண்ணா மானிட்டர்ல படமே வரல"ன்னு ஃபோன். அந்த லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியா சிப்போட இணைஞ்சிருக்கு, ட்ரைவர் லோடு ஆகலன்னா லேப்டாப் ஸ்க்ரீன் ஏஎம்டி கிராஃபிக்ஸ்ல ஓடும், வெளி மானிட்டர் மட்டும் கருப்பா இருக்கும். திரும்ப சாவிய பதிய வச்சதும் வந்துடுச்சு.

கடிகாரம் எல்லாரும் பாக்குற ஒண்ணு தான். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல இருக்கறத உள்ளூர் நேரம்ன்னு எடுத்துக்கும், லினக்ஸ் யூடிசின்னு (உலகப் பொது நேரம்) எடுத்துக்கும், மாறி மாறி பூட் பண்ணா நேரம் தப்பா காட்டும். லினக்ஸ உள்ளூர் நேரத்துக்கு மாத்த ஒரே கமாண்ட் போதும், ஆனா நான் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்ங்கற வேல்யூவ போட்டு அத யூடிசிக்கு கொண்டு வர்றத தான் விரும்புவேன். புளூடூத் ஹெட்செட்டும் இதே ரகம், ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே அடாப்டர் அட்ரஸ்ல தனித்தனியா ஹெட்செட்ட இணைக்கறதால (பேரிங்), கடைசியா இணைச்ச ஓஎஸ்ஸோட கீ தான் ஹெட்செட்ல நிக்கும். ஒரு ஓஎஸ்ல இருக்க கீய இன்னொண்ணுக்கு காப்பி பண்ணலாம், தம்பிக்கு பொறுமை இல்ல, வயர் ஹெட்ஃபோன் வாங்கிட்டான்.

பொதுவா ஒரு பார்ட்டிஷன் வேணுமான்னு யோசிச்சு வேணாம்ன்னு விட்டோம். அவனுக்கு ரெண்டு பக்கமும் போக வேண்டியது சாலிட்வொர்க்ஸ்ல இருந்து எடுக்கற யூஆர்டிஎஃப் (ரோபோவோட அமைப்ப ராஸ்க்கு சொல்ற ஃபைல்) ஃபோல்டர் தான், அது கிட் (Git) வெர்ஷன் கன்ட்ரோல் வழியா போகுது, கூடவே பேக்கப்பும் ஆச்சு. இதுல அவன ஒரு சாயங்காலம் முழுக்க அலைய விட்டது ஃபைல் பேர். எக்ஸ்போர்ட் ஆகுற மெஷ் (3டி வடிவம்) ஃபைலோட எக்ஸ்டென்ஷன் பெரிய எழுத்துல எஸ்டிஎல்ன்னு இருந்துச்சு, கோட்ல அவன் சின்ன எழுத்துல எழுதியிருந்தான். விண்டோஸ்க்கு ரெண்டும் ஒண்ணு, லினக்ஸ்க்கு வேற வேற, கெஸீபோல ரோபோ கண்ணுக்கே தெரியல.

இன்னும் சரியாகாதது தூக்கம். இந்த மெஷின்ல பழைய எஸ்3 ஸ்லீப் (ரேம் தவிர பெரும்பாலும் ஆஃப் ஆகுறது) கெடையாது, எஸ்0 (பாதி முழிச்சே தூங்கறது) மட்டும் தான், லினக்ஸ்ல மூடி வச்சா ராத்திரியில சார்ஜ் கணிசமா எறங்கிடுது. இப்போதைக்கு லினக்ஸ்ல இருந்தா ஷட் டவுன், என்விடியாவ ஆன் டிமாண்டுல (தேவைப்படும்போது மட்டும் ஓடுற மாதிரி) வச்சிருக்கான், க்ளாஸ் நேரத்துக்கு பேட்டரி தாங்குது. விண்டோஸ்ல பெரிய அப்டேட் வந்தப்ப பூட் ஆர்டர்ல விண்டோஸ் மேல ஏறி உக்காந்துச்சு, பயாஸ்ல போய் உபுண்டுவ திரும்ப மேல தூக்கி விட்டான், இந்த தடவ எனக்கு ஃபோன் வரல.